சாட்சியின் சொல்லும் சட்டத்தரணியின் செவியும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் பாதையில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் அணைத்து நிற்கும் மணற்பரப்பில் அமைந்தது நுரைச்சோலை. கிணற்று நீர் இறைத்து மரக்கறித் தோட்டம் செய்வோரும், கடலை நம்பி வாழ்வோரும் அங்கு அயலவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சிங்கள மக்களும் கலந்து வாழும் கரை அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். ஆதலால் அக்கரையிலே தமிழ் பேசுவோர் தொகை மேலும் பெருகிற்று.

இத்தகைய ஊரில் எல்லைத் தகராறு ஒன்று முற்றினாலும், அடிதடி ஒன்று நேர்ந்தாலும் வழக்கு ஈற்றிலே புத்தளத்து நீதிமன்றப் படியேறும். கூண்டில் நிற்கும் சாட்சி தமிழிற் பேசுவார். அவர் கூற்று நீதிமன்றப் பதிவேட்டில் வேறொரு மொழியிற் பதிவாகும். ஒன்றரை நூற்றாண்டு காலம் அம்மொழி ஆங்கிலமாக இருந்தது. பின்னர் அது சிங்களமாயிற்று. வழக்காடற் கலை என்றதும் நாவன்மையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் நீதிமன்ற வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு, அக்கலையின் வேர் நாவில் அன்றிச் செவியில் உள்ளதென்பது புலனாகும். சாட்சி கூறியதைக் கூறியவாறே கேட்டறியும் திறனே வழக்குரைஞர்க்கு முதற்றிறன் என்பதையும், அத்திறன் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடைப்பட்டது என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்க்கு வழக்காடல் ஐரோப்பியர் கொணர்ந்த புதுமையன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை காப்பியப் புனைவாயினும், விசாரணை எங்ஙனம் நடைபெற வேண்டும் என்பது பற்றிய தெளிந்த கருத்தொன்றை உட்கொண்டது. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்கிறான். இரு தரப்பும் தத்தம் கூற்றை மாற்றவியலாதவாறு நிலைநிறுத்திய பின்னரே சிலம்பு உடைக்கப்படுகின்றது. கூற்றை முதலில் உறுதிப்படுத்துக, சான்றைப் பின்னர்க் காட்டுக என இன்றைய சட்ட மாணவர்க்குப் போதிக்கப்படும் குறுக்கு விசாரணை முறைமையும் இதுவே. மறுதலையாக, பொற்கொல்லன் சொல்லைக் குறுக்கே நின்று வினவுவார் எவரும் இலராயினமையே கோவலன் உயிரைக் கொண்டது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணமோ ஆவணச் சான்றின் இலக்கணத்தைக் காட்டுவது. சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூலவோலையைக் கேட்டு, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புரைக்கின்றனர். இவ்விரு விசாரணைகளிலும் வாதியும் பிரதிவாதியும் அவையும் ஒரே மொழியிற் பேசியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. 1801 ஆம் ஆண்டின் அரச பட்டயத்தால் இலங்கையில் உயர் நீதிமன்றம் நிறுவப்பெற்றது. சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால் 1811 இல் யூரர் முறை புகுத்தப்பட்டது. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதந்துரைகளைத் தொடர்ந்து வந்த 1833 ஆம் ஆண்டுப் பட்டயம் மாவட்ட நீதிமன்றங்களை அமைத்து, நாடு முழுவதற்கும் ஒரே நீதிமன்ற ஒழுங்கை வகுத்தது. அப்புக்காத்து, பிறக்கிராசி என மக்கள் வழங்கிய இருவகை வழக்குரைஞரும் இவ்வொழுங்கினுள் நிலைபெற்றனர். நீதிபதி ஆங்கிலேயர், சட்டம் ஆங்கிலமும் உரோம டச்சு மரபும் கலந்தது, சாட்சியோ தமிழரோ சிங்களரோ ஆவர். இவர்களுக்கிடையே நின்ற மொழிபெயர்ப்பாளர், சம்பளத்தாற் சிறியராயினும் அதிகாரத்தாற் பெரியரானார். அவர் வாய்வழி வந்ததே சாட்சியம் எனக் கொள்ளப்பட்டது.

அத்தகைய மொழிபெயர்ப்பாளராகப் பணி தொடங்கிய ஒருவரைப் புத்தளக் கரையே ஈன்றது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, பதினேழாம் வயதிலே புத்தளத்தில் மொழிபெயர்ப்பாளராக அரசாங்க சேவையிற் புகுந்தார். பின்னர் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்து, 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்தார். ஈற்றிற் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக விளங்கி 1860 இல் மறைந்தார். 1834 இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய இடவிளக்க அகராதியும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859 இல் வெளியிட்ட 'தமிழ் புளூராக்' என்னும் நூலும் அறிஞருலகம் நன்கறிந்தவை. ஊர், சாதி, வழக்காறு, தொழில் என ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தொகுத்த நூலாசிரியரையும், சாட்சிகளின் மொழியை நாள்தோறும் செவிமடுத்த நீதிமன்ற அலுவலரையும் வேறு வேறாகப் பிரித்தல் அரிது. ஒன்றிற் பெற்ற பயிற்சி மற்றதற்கு உரமாயிற்று எனலாம்.

இதே காலப் பகுதியில் தமிழகத்திலும் இதற்கிணையான வாழ்வொன்றைக் காண்கின்றோம். 1826 இற் பிறந்த வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857 இல் முன்சீப்பானவர். ஆங்கிலத்தில் முடங்கிக் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்து 'சித்தாந்த சங்கிரகம்' என 1862 இல் வெளியிட்டவர் அவரே. 1879 இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுவது. தமிழறிந்த நீதிபதி முன், தமிழ்க் கட்சிக்காரருக்காக, தமிழ் வழக்குரைஞர் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை அந்நாவலிலே அவர் வன்மையாகக் கண்டித்தார். ஈழத்திலோ 1885 இல் 'அசன்பேயுடைய கதை' என்னும் நாவலை எழுதிய சித்திலெப்பை, கண்டியிற் பிறக்கிராசியாகத் தொழில் புரிந்தவர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே நீதிமன்றத்தோடு தொடர்புடையோர் இருவர் முன்னிற்றல் தற்செயலெனத் தள்ளிவிடத்தக்கதன்று. பலதரப்பட்ட மாந்தர் தத்தம் நடையிற் பேசுவதை நாள்தோறும் கேட்கும் வாய்ப்பு, அக்காலத்தில் நீதிமன்றத்தை விடச் சிறப்பாக வேறெங்கும் இருந்திராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்காடற் கலைக்குரிய விதிகள் நூல் வடிவு பெற்றன. 1883 இல் தண்டனைக் கோவையும், 1889 இல் குடியியல் நடவடிக்கைக் கோவையும், 1898 இல் குற்றவியல் நடவடிக்கைக் கோவையும் இயற்றப்பட்டன. இவற்றுள் வழக்குரைஞர்க்கு உயிர்நாடியானது 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமாகும். சேர் ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872 ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றியது இது. இந்தியாவில் அம்மூலச் சட்டம் 2024 யூலையில் வழக்கொழிந்தது. இலங்கையிலோ அதன் வழித்தோன்றல் திருத்தங்களோடு இன்றும் நின்று நிலவுகின்றது. சாட்சியை அழைத்தவர் முதலில் வினவுதல், எதிர்த்தரப்பார் குறுக்கே வினவுதல், எழுந்த ஐயத்தை அழைத்தவரே மீள வினவித் தெளிவித்தல் என்னும் முப்படி ஒழுங்கு இச்சட்டத்திலேயே வகுக்கப்பட்டது. விடையைத் தன்னுள்ளே பொதிந்து வைத்துள்ள வினாவை முதல் விசாரணையிற் கேட்டல் பொதுவாக ஆகாது. குறுக்கு விசாரணையிற் கேட்கலாம். முன்னர் எழுத்திற் கொடுத்த கூற்றொன்றைக் கொண்டு சாட்சியை முரண்படுத்த விழைபவர், முரணான அப்பகுதியைச் சாட்சிக்கு முதலிற் சுட்டிக்காட்டுதல் வேண்டும். இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. ஒருவர் சொல்லே நம்பத்தக்கதாயின் அதுவே போதும். ஆகவே அவ்வொருவர் சொல்லைச் செவ்விதின் அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதும் பெறப்படும்.

விதியை நூலிற் கற்கலாம். கலையை அவ்வாறு கற்றலாகாது. 1874 இற் சட்டக் கல்வி மன்றம் தோன்றி, சட்டக் கல்லூரி வழியாக முறையான போதனை தொடங்கிய பின்னரும், இளையோர் உண்மையாகப் பயின்ற இடம் கொழும்புப் புதுக்கடையிலும் மாவட்ட நகரங்களிலும் இருந்த நீதிமன்ற வாங்குகளே. மூத்தவர் ஒருவரின் கீழமர்ந்து, அவருக்காக வழக்கேடுகளைப் படித்துக் குறிப்பெடுத்து, அவர் எவ்வினாவைக் கேட்டார் என்பதை மட்டுமன்றி எவ்வினாவைக் கேளாது விட்டார் என்பதையும் கவனித்தலே பயிற்சியாயிற்று. ஒரு வினாவில் ஒரு செய்தியே அடங்க வேண்டும், விடை தெரியாத வினாவைத் தொடுக்கலாகாது, வேண்டியது கிடைத்தவுடன் அமர்ந்துவிட வேண்டும் என்பன தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பாடங்கள். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற வேற்றுமையைத் துடைத்து, யாவரையும் சட்டத்தரணிகள் என ஒன்றாக்கியது. அதற்குப் பின்னரும் இப்பயில்முறையின் உயிர்த்தன்மை மாறவில்லை.

இலங்கை வழக்காடல் வரலாற்றில் உச்சமெனச் சுட்டப்படும் வழக்குகளுள் ஒன்று 1953 இல் நடைபெற்றது. புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவா சதாசிவம், 1951 ஒக்டோபர் 9 ஆம் நாள் இறந்துகிடக்கக் காணப்பட்ட தம் மனைவியைக் கொலை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். நீதியரசர் கிறேசியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடந்தது. மன்னிப்பு வழங்கப்பட்டு அரச தரப்புச் சாட்சியான வீட்டுப் பணியாளின் கூற்றே வழக்கின் அடித்தளம். மரணம் எந்நேரம் நிகழ்ந்தது என்பதே வழக்கின் முடிச்சு. ஏனெனில் சதாசிவம் அன்று முற்பகலிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தார். எதிரிக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா, மருத்துவ நூல்களை வழக்குக்காகவே கற்று, வல்லுநர்களை அவர்தம் துறையிலேயே வினவினார். எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ அறிஞர் சேர் சிட்னி சிமித் எதிர்த்தரப்புச் சாட்சியாக அழைக்கப்பட்டார். யூரர் ஒருமனதாகச் சுற்றவாளி எனத் தீர்த்தனர். கொல்வின் சட்டத்துறைக்கு வருமுன் வரலாற்றிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்றிய காலம் பற்றிய அவரது ஆய்வு இரு தொகுதிகளாக வெளிவந்தது. மூலங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு உண்மை காணும் வரலாற்றாசிரியரின் பயிற்சி, சாட்சிகளை வினவுங்கால் அவர்க்குத் துணைநின்றிருக்கும் எனக் கருதுதல் தவறாகாது.

பிறர் துறையைக் கற்க வேண்டும் என்னும் இப்பாடம் நுரைச்சோலைக்கும் உரியதே. 2011 இல் முதற் பிரிவு இயங்கத் தொடங்கி, 2014 அளவில் 900 மெகாவாற்று வலுக் கொண்டதாக நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையம் அங்கு அமைந்துள்ளது. சாம்பல் தோட்டங்களிற் படிதல், கடற்றொழில் பாதிப்புறுதல் முதலிய முறைப்பாடுகள் அக்கரையில் எழுந்துள்ளன. இத்தகைய பிணக்கொன்று நீதிமன்றம் செல்லுமிடத்து, காற்றின் திசையையும் மண்ணின் இயல்பையும் வழக்குரைஞர் கற்றாக வேண்டும். ஆயினும் வல்லுநர் மொழியைக் கற்பதிற் காட்டப்படும் ஊக்கம், எளிய சாட்சியின் மொழியைக் கற்பதிற் காட்டப்படுகின்றதா என்பதே வினா.

எடுத்துக்காட்டுகள் சிலவற்றால் இதனை விளக்கலாம். 'அவன் அடித்தானாம்' என்று ஒரு பெண் கூறுகின்றாள். ஈற்றிலுள்ள 'ஆம்' என்னும் சிறு சொல், தான் நேரிற் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதைத் தெரிவிக்கின்றது. கேள்விச் சான்று பொதுவாக ஏற்கப்படாதாகலின் சட்டத்தில் இவ்வேறுபாடு பெரிது. ஆங்கிலப் பதிவேட்டில் 'அவன் அடித்தான்' என இது எழுதப்பட்டால், கேட்டவள் கண்டவளாகிவிடுவாள். சிங்களத்தில் இதற்கிணையான 'லு' என்னும் ஈறு உண்டு. ஆகவே கவனமுள்ள மொழிபெயர்ப்பாளர் இதனைக் காப்பாற்றலாம். ஆனால் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாட்டிற்கு ஆங்கிலத்திலும் இடமில்லை, சிங்களத்திலும் இடமில்லை. 'நாம் செய்வோம்' என்று எதிரி தன்னிடம் சொன்னதாகச் சாட்சி கூறின், கேட்டுநின்றவரையும் எதிரி உடன்சேர்த்தான் என்பது பொருள். 'நாங்கள் செய்வோம்' என்று சொல்லியிருப்பின், கேட்டுநின்றவர் அச்செயலுக்குப் புறம்பானவர். சதியும் பொது எண்ணமும் குற்றமாகும் வழக்கில் ஒருவர் சிறை செல்வதும் வீடு செல்வதும் இவ்வொரு சொல்லில் தங்கக்கூடும். மொழிபெயர்ப்பிலோ இரண்டும் ஒன்றே. இவ்வாறே, 'சுபஹுத் தொழுகைக்கு முன்', 'கச்சான் காற்றுத் தொடங்கிய பின்' எனக் காலங்காட்டும் சாட்சியிடம் மணியையும் திகதியையும் வற்புறுத்திப் பெற்று, பின்னர் அவை பிழையெனக் காட்டுதல் எளிது. அவ்வெற்றியால் உண்மை வெளிப்பட்டதாகாது.

இத்துடன் இன்னொன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். விசாரணையின்போது சாட்சியை முரண்படுத்தப் பயன்படுவது, அவர் பொலிசாருக்கு முன்னர் அளித்த வாக்குமூலம். அவ்வாக்குமூலம் சாட்சி வாசித்தறிய இயலாத மொழியிற் பதியப்பட்டிருப்பின், மன்றிற் காட்டப்படும் முரண் சாட்சியின் முரணா, எழுதியவரின் முரணா என்று யார் துணிவது? இருமொழியும் அறிந்த சட்டத்தரணியே அதனைத் துணியவல்லார்.

சட்டம் இக்குறையை அறியாதிருந்ததன்று. 1898 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் கீழ் ஆங்கிலம், சிங்களம், தமிழ் எனத் தனித்தனி யூரர் பட்டியல்கள் பேணப்பட்டன. தாம் எம்மொழி யூரரால் விசாரிக்கப்பட வேண்டும் என எதிரி தெரிவுசெய்யும் உரிமையும் இருந்தது. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்ட பின்னர், 1961 ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் நீதிமன்றங்களிற் சிங்களம் வழங்க வழிவகுத்தது. 1973 இல் இயற்றப்பட்ட சிறப்பேற்பாட்டுச் சட்டம் வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. புத்தளம் அவ்வெல்லைக்குச் சற்றே தெற்கில், வடமேல் மாகாணத்துள் அமைந்தமையால் அவ்விடத்தைப் பெறவில்லை. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இற் பதினாறாம் திருத்தம் சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் எனப் பிரகடனஞ் செய்தது. வடக்கு, கிழக்குக்கு வெளியே பதிவேடு சிங்களத்திலேயே அமையுமாயினும், கட்சிக்காரரும் அவர்தம் சட்டத்தரணியும் தமிழில் வழக்குத் தொடுக்கவும், நடவடிக்கையிற் பங்குகொள்ளவும், அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமையுடையர் என அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை இன்று கூறுகின்றது. உரிமை ஏட்டில் உளது. அதனைக் கேட்டுப் பெறும் சட்டத்தரணி மன்றில் இருந்தாலன்றி அது நுரைச்சோலைத் தோட்டக்காரரின் கையில் வந்து சேராது.

சட்டக் கல்வியிலும் இம்மொழிப் பிரச்சினை அண்மையில் தலைதூக்கிற்று. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துதற்கான ஒழுங்குவிதிகள் 2023 மார்ச்சில் பாராளுமன்றத்திலே தோற்கடிக்கப்பட்டன. ஆங்கில அறிவு சட்டத்தரணிக்கு வேண்டியதே. முன்தீர்ப்புகளும் உலகச் சட்ட நூல்களும் அம்மொழியிலேயே மலிந்துள்ளன. எனினும் மேன்முறையீட்டு மன்றில் வாதிடுவார்க்கு நூல் முதன்மையானால், விசாரணை மன்றில் வாதிடுவார்க்குச் சாட்சியே முதன்மை. ஒருமொழி மட்டுமறிந்த வழக்குரைஞர், நம் நாட்டின் விசாரணை மன்றில் ஒரு செவியை அடைத்துக்கொண்டு நிற்பவரே ஆவர். இது தமிழ் மாணவர்க்கும் பொருந்தும். புத்தளத்தில் வாதாட விழையும் தமிழர் சிங்களத்தைப் பதிவேட்டு மொழியாக மட்டுமன்றி, அயலவரின் பேச்சு மொழியாகவும் கற்றல் வேண்டும். சிங்கள மாணவர் தமிழை அவ்வாறே கற்றல் வேண்டும்.

இருநூறு ஆண்டுகட்கு முன்னர், இளைஞர் காசிச்செட்டி புத்தளத்தில் இரு மொழிகட்கிடையே நின்று பணி தொடங்கினார். அன்று அவர் ஏற்ற சுமையை இன்றும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே தனித்துச் சுமக்க விடுதல் தகாது. சட்டத்தரணியும் அதிற் பங்கேற்றல் வேண்டும். கேளாத செவியோடு தொடுக்கப்படும் குறுக்கு வினா எத்துணைக் கூர்மையுடையதாயினும் நீதிக்கு உதவாது. கோவலனைக் கொன்றது சான்றின்மையன்று. சான்றை வினவிக் கேட்பார் இன்மையே. கற்பிட்டிப் பாதையால் வந்து கூண்டிலேறும் சாட்சியின் 'ஆம்' என்னும் ஈற்றசையையும் தவறவிடாத செவி வாய்க்குமாயின், வழக்காடற் கலை இம்மண்ணில் உண்மையிலேயே வளர்ந்துவிட்டது எனக் கூறலாம்.